கடைசியாகச் சாப்பிடும் மேஜரும் உப்புப் பார்க்காத நானும்

கன்டீன் வேலை என்பது, ஊரில் எல்லாருக்கும் எத்தனை மணிக்குப் பசிக்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு நம்முடைய பசியை மறந்துபோகும் வேலை. கோப்பை கழுவி, கிழங்கு தோல் சீவி, தரை துடைத்து முதுகு போன அண்ணன்மார், அக்காமார் ஒஸ்லோவில் எத்தனை பேர்! உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும்.

நான் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்வது ஒரு இராணுவ முகாமின் கன்டீனில். இராணுவத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்தவன், இங்கே இராணுவத்துக்கே சோறு போடுகிறேன். யாரும் சிரிக்க வேண்டாம், நான் இருக்கும் புருசெத்திலிருந்து ஒரே ரயில், விடிய எழும்பினால் போதும். எங்கள் குசினிக்கு, அதாவது சமையலறைக்கு, தலைவன் ரூனே என்ற நோர்வேக்காரன். என்னோடு வேலை செய்கிறவள் பத்மா, மட்டக்களப்புப் பிள்ளை. நான் படித்தது ஏழாம் வகுப்பு மட்டும். ஆனால் யார் எனக்கு எப்போது என்ன செய்தார்கள் என்பது, அன்றைக்கு மழையா வெயிலா என்பது உட்பட, நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அடையாள அட்டை

முதல் நாள். கையில் அகப்பையோடு நிற்கிறேன். பச்சை உடுப்பும் பெரிய சப்பாத்துமாக ஒருவன் நேரே என்னை நோக்கி வருகிறான். அவன் வாய் திறக்க முதல் என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய் அடையாள அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் அவன் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டது. அகப்பை கீழே விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. ஊர்ச் சோதனைச்சாவடிகளில் பழகிய கை, நான் என்ன செய்ய?

அவன் அட்டையை வாங்கினான். முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் பார்த்தான், மரியாதையாகத் திருப்பித் தந்தான். பிறகு தன் பைகளை எல்லாம் தடவித் தன்னுடைய அட்டையைத் தேடி எடுத்து எனக்குக் காட்டினான். பத்தொன்பது வயதிருக்கும். இந்தக் கன்டீனில் அதுதான் வழக்கம் என்று நினைத்துவிட்டான் போல. "நானும் இன்றைக்குத்தான் வந்தேன்," என்றான். "எனக்கு உருளைக்கிழங்கு இரண்டு போதும்."

கேணலின் கோப்பை

நோர்வேயில் சாப்பிட்டவர் தன் கோப்பையை, அதாவது சாப்பாட்டுத் தட்டை, தானே கொண்டுவந்து, மிச்சத்தை வழித்துக் கொட்டி, கழுவும் பெட்டியில் அடுக்க வேண்டும். சாதாரண சிப்பாயும் அப்படித்தான், பெரிய அதிகாரியும் அப்படித்தான். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. ரூனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

தலை நரைத்த ஒரு கேணல் கோப்பையோடு எழும்பி வந்தார். வயதான மனிதர், பெரிய பதவி, எச்சில் கோப்பையோடு நிற்கிறாரே என்று எனக்குப் பதறிவிட்டது. பாய்ந்து போய்ப் பிடித்தேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் கோப்பையில் இருந்த மண்ணிறக் குழம்பு முழுவதும் அவருடைய நெஞ்சில் ஏறியது. அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தயவுசெய்து விடு," என்றார். "இந்தப் பழக்கம் எனக்கு விட்டுப்போனால் என் மனைவி உன்னைத் தேடிக்கொண்டு வருவாள்."

வரிசையில் கடைசி ஆள்

மேஜர் டேல் வந்தது ஒரு பனிக்காலத்தில். அமெரிக்க இராணுவ அதிகாரி. நோர்வே இராணுவத்தோடு சேர்ந்து ஏதோ திட்டம் போடும் வேலைக்காக எங்கள் முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். நல்ல உயரம், சிவந்த காது. சரியாகப் பதினொன்றரைக்கு வருவார். வந்து வரிசையில் நிற்க மாட்டார். சுவரோடு நின்று, எல்லாரும் வாங்கி முடிந்த பிறகு, இறைச்சி உருண்டையும் முடிந்த பிறகு, தட்டோடு வந்து சிரிப்பார்.

ஒரு நாள் என்றால் சரி. ஒவ்வொரு நாளும். எனக்கு விளங்கிவிட்டது: என் கையால் வாங்கிச் சாப்பிட இந்த ஆளுக்கு மனமில்லை, நான் அலுத்து உள்ளே போகட்டும் என்று நிற்கிறார். சரி, நானும் யாரென்று காட்டுகிறேன் என்று, அடிப்பிடித்த கிழங்கை மட்டும் ஒதுக்கி வைத்து இரண்டு மாதம் அவருக்குப் போட்டேன். பத்மா கண்டுபிடித்துவிட்டாள். "அண்ணன், அந்த மனிசன் பாவம் கா. உங்கட கோவத்தக் கிழங்கில காட்டாதீங்க," என்றாள். நான் கேட்கவில்லை.

ஒரு நாள் பனி கொட்டி, கன்டீனில் ஆளே இல்லை. மேஜர் வரிசைக்கு வந்துவிட்டார். இறைச்சிக்குக் கரண்டியும் வைத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு சிப்பாய் பிந்தி ஓடிவந்தான். மேஜர் உடனே விலகி அவனுக்குப் பின்னால் போய் நின்றார். எனக்கு வந்த கோபத்தில் தெரிந்த நோர்வேஜிய மொழி எல்லாவற்றையும் திரட்டி, "என் சாப்பாட்டில் உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டேவிட்டேன். அவர் பயந்துபோனார். "குறையா? எங்கள் இராணுவத்தில் சிப்பாய்கள் எல்லாரும் வாங்கிய பிறகுதான் அதிகாரி வாங்குவது. சின்ன வயதிலிருந்து அப்படியே பழகிவிட்டது," என்றார். பிறகு தன் தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "அடிப்பிடித்த கிழங்குதான் அதிகாரிக்கு என்பது நோர்வேயின் வழக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்."

முட்டை பொரித்த பெடியன்

அதற்குப் பிறகு நாங்கள் சிநேகிதர். அவருடைய நோர்வேஜிய மொழியும் என்னுடையதும் ஒரே வகுப்பு என்பதால் கதைப்பதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து மேசைகள் துடைத்த பிறகு, யன்னலோரம் அவர் கோப்பியோடும் நான் தேத்தண்ணியோடும் கால் மணித்தியாலம் இருப்போம். அப்படித்தான் அவருடைய கதை துண்டு துண்டாக எனக்குக் கிடைத்தது.

பிறந்தது சோளக் காட்டுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். தகப்பன் சோளம் ஏற்றும் லொறி ஓட்டினவர். ஐந்து அண்ணன்மாருக்குப் பிறகு பிறந்த கடைக்குட்டி இவர். கோழி பொரித்தால் இவர் கைக்கு வரும்போது கழுத்துதான் மிச்சம் இருக்குமாம். கடைசியாகச் சாப்பிடும் பயிற்சி அங்கேயே முடிந்துவிட்டது. பதினாறு வயதில் தெருவோரச் சாப்பாட்டுக் கடையில் முட்டை பொரித்தார். பதினெட்டில் டாங்கி ஓட்டும் ஆசையோடு இராணுவத்தில் சேரப் போனார். படிவத்தில், இதற்கு முன் என்ன வேலை தெரியும் என்று ஒரு கேள்வி. பெருமையாக, ஒரே நேரத்தில் பன்னிரண்டு முட்டை பொரிப்பேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வாசித்தவன் நேரே குசினிக்கு அனுப்பிவிட்டான். மூன்று வருடம் கிழங்கு சீவல். அந்தப் படிவத்தை வாங்கியவன் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறதாம். அந்த இடத்தில்தான் இந்த மனிதர் மேல் எனக்கு உண்மையான மரியாதை வந்தது. "மூன்று முட்டை என்று எழுதியிருந்தால் தப்பியிருப்பேன், சிவா," என்றார். "பன்னிரண்டு என்று எழுதியதுதான் பிழை."

வாயில் வைக்காத சமையல்

இப்போது என் கதைக்கு வருகிறேன். எங்கள் கன்டீனின் மூத்த சமையற்காரர் கோடையோடு ஓய்வு பெறப் போகிறார் என்று தெரியவந்தது. அந்த இடத்துக்கு என்னை எடுக்கலாம். ஆனால் சமையற்காரர் என்ற தொழிற்சான்றிதழ் வேண்டும். எனக்கு ஓய்வுக்கு நான்கு வருடம் இருந்தது. சான்றிதழ் கிடைத்தால் அடுப்படி, கிடைக்காவிட்டால் கழுவும் மெஷினுக்கு முன்னாலேயே என் கதை முடியும். எழுத்துச் சோதனையை, குளிர்பெட்டியின் சூட்டளவுகளைப் பத்மா கேள்வி கேட்டுக் கேட்டு உருப்போட வைத்ததில், ஒருமாதிரிப் பாஸ் பண்ணினேன். அடுத்தது செய்முறைச் சோதனை. இரண்டு பரிசோதகர்கள் எங்கள் குசினிக்கே வந்து, கையில் காகிதத்தோடு மூலையில் நின்றார்கள்.

வெட்டினது சரி. நேரம் சரி. துப்புரவுக்கு முழுப் புள்ளி. ஆனால் சூப் உப்புக் கரித்தது. ரூனே அந்தக் கிழமைதான் வேறு ஒரு சூப்புத் தூள் வாங்கி வைத்திருந்தான், அதில் ஏற்கனவே உப்பு. எனக்குச் சொல்லவில்லை. வேண்டுமென்றுதான் செய்தான் என்று நான் சொல்லவில்லை, நினைக்கிறேன். ஆனால் உண்மையான பிழை வேறு. எங்கள் வீட்டில் சமைக்கிறவர் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. சாமிக்கும் வந்தவர்களுக்கும் வைக்க முதல் நாங்கள் வாய் வைத்தால் அது எச்சில். மணத்தில் தெரியும், கொதிக்கிற விதத்தில் தெரியும், கை அளவு பொய் சொல்லாது. பெண் பரிசோதகர் காகிதத்தை மடித்துக்கொண்டு சொன்னார்: "ஐந்து மணித்தியாலம் சமைத்தீர்கள். ஒருமுறைகூடக் கரண்டியை வாயில் வைக்கவில்லை. முதலில் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தோம், பிறகு எங்களுக்கே பயம் வந்துவிட்டது."

இது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, வெளியே தூறல். பெயில் ஆன மனிதனுக்கு ஒரு ஆறுதல் சொல்லலாம் அல்லவா? ரூனே என் தோளில் தட்டினான். "கவலைப்படாதே, சிவா," என்றான். "கழுவும் மெஷினை உன்னைப்போல விளங்கிக்கொண்டவர் இந்த நாட்டிலேயே இல்லை."

லோறென்ஸ்கூக் மச்சான்

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியதிலிருந்து என் மனைவியின் தம்பிக்குக் குரல் கொஞ்சம் கூடிவிட்டது. ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் எல்லாருக்கும் கேட்கத் தக்கதாக, "என்ன அத்தான், சோதினை என்னவாம்? இன்னும் கோப்பைதானோ?" என்றான். எனக்கும் பொறுக்கவில்லை. "ஓம், கோப்பைதான். ஆனா அமெரிக்கா மேஜரே என்னட்டைக் கடைசியாத்தான் சாப்பாடு வாங்கிறவர். அடிப்பிடிச்சதைக் குடுத்தாலும் வாய் திறக்கமாட்டார், தெரியுமோ?" என்றேன்.

சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் அது மண்டபம் முழுக்கப் போய்த் திரும்பி வரும்போது, நான் அமெரிக்காவைப் பட்டினி போட்டவன் ஆகிவிட்டேன். கேக் வெட்டும்போது யாரோ ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். போகும்போது மச்சான் காரின் கண்ணாடியை இறக்கிச் சொன்னான்: "அத்தான், நீங்கள் சோதினை பாஸ் பண்ணாதேங்கோ. உந்த இடத்திலை இருந்தாத்தான் உலகம் அடங்கி இருக்கும்."

மூன்றாம் முறை

நான் பெயில் ஆனதை மேஜருக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் பத்மா சொல்லிவிட்டாள். அவர் கவலைப்படவில்லை, சந்தோஷப்பட்டார். "ஒரு முறைதானா? நான் இரண்டு முறை," என்று விரலைக் காட்டினார். கிழங்கு சீவிக்கொண்டே மாலை வகுப்பில் படித்து, அதிகாரிகளைத் தெரிவு செய்யும் குழுவுக்கு முன்னால் போயிருக்கிறார். முதல் முறை குரல் நடுங்கியது. இரண்டாம் முறை நடுங்கக் கூடாது என்று கத்தியதில் குழுத் தலைவர் காதைப் பொத்தினாராம். மூன்றாம் முறை போகும்போது எல்லா ஆசையும் விட்டுப்போய்விட்டது.

அந்த முறை, குசினியில் நின்ற நீ மனிதரை நடத்துவதைப் பற்றி என்ன கற்றாய் என்று கேட்டிருக்கிறார்கள். மேஜர் தான் சொன்ன பதிலை எனக்கும் சொன்னார். கோப்பை கழுவும் உங்களுக்காக அதை அப்படியே எழுதுகிறேன்: "எந்தப் பிரிவுக்கு மோசமான அதிகாரி வாய்த்திருக்கிறான் என்பதை, அந்தப் பிரிவிலிருந்து திரும்பி வரும் கோப்பைகளில் இருக்கும் மிச்சத்தைப் பார்த்தே நான் சொல்லுவேன், ஐயா. உங்களுடைய பிரிவையும் சேர்த்து."

தங்க இலை, வெள்ளி இலை

கோடை தொடங்க முதல் மேஜருக்கு ஒரு சடங்கு என்று எங்களையும் கூப்பிட்டார்கள். நானும் பத்மாவும் ஏப்ரனோடு போய்ப் பின்னால் நின்றோம். அவர் வந்து எங்களை முன்வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனார். ஒரு ஜெனரல் பேசினார். பிறகு அவருடைய மனைவி எழும்பி, அவர் தோளில் இருந்த தங்க நிற இலையைக் கழற்றிவிட்டு வெள்ளி இலையைக் குத்தினார். தங்கத்தை எடுத்துவிட்டு வெள்ளியைக் கொடுத்தால் எங்கள் கணக்கில் அது இறக்கம். பாவம், மனிதர் என்ன பிழை செய்தாரோ! இவ்வளவு பேரைக் கூப்பிட்டு வைத்து அவமானப்படுத்துகிறார்களே! எல்லாரும் கைதட்ட நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அந்த ஜெனரலை முறைத்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணன், கையத் தட்டுங்க. மறுகா எல்லாரும் பாக்கிறாங்க," என்று பத்மா இடித்தாள். "நான் தட்டமாட்டன்," என்றேன். சடங்கு முடிந்து நான் நேரே மேஜரிடம் போய், "விடாதீர்கள், மேலிடத்துக்கு எழுதுங்கள்," என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அமெரிக்க இராணுவத்தில் வெள்ளிதான் தங்கத்துக்கு மேலே, அவர் இனி லெப்டினன்ட் கேணல். அதற்குப் பிறகு தன்னுடைய கேக்குக்கே தான் கடைசியாகப் போய் நின்றார், கேக் முடிந்துவிட்டது. பத்மா கொண்டுவந்த மீன் றோல்ஸில் இரண்டை நான் ஒதுக்கி வைத்திருந்தேன். அதைத் தின்று, உறைப்பில் கண்ணீர் ஓட, மனைவியிடம் என்னைக் காட்டிச் சொன்னார்: "இந்த முகாமில் எனக்காகச் சண்டை பிடிக்கத் தயாராக இருந்த ஒரே ஆள் இவர்தான்."

அது சாப்பாடு இல்லை

இரண்டாவது செய்முறைச் சோதனைக்கு ஒரு கிழமை இருந்தது. வாயில் வைத்துப் பார்க்க மனம் வரவில்லை. வீட்டில் பழகிப் பார்த்தேன், கரண்டி உதடு வரை வந்து நின்றுவிட்டது. மனைவி, "உப்பிடி ஒரு சோதினை வேண்டாம், விடுங்கோவன்," என்றாள். இனிப் போவதில்லை என்று ரூனேயிடம் சொல்லிவிடலாம் என்ற முடிவோடு வேலைக்குப் போனேன். அவன் முகத்தில் வரப்போகும் சிரிப்பை ரயிலிலேயே பார்த்துவிட்டேன்.

யன்னலோர மேசையில் மேஜரிடம் (எனக்கு அவர் எப்போதும் மேஜர்தான்) அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கோப்பியை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். அவர் புதிதாக அதிகாரியானபோது கிடைத்த முதற்பொறுப்பு, சிப்பாய்களின் குசினி. ஒவ்வொரு பானையிலும் முதற்கரண்டி அவர் வாயில் வைத்த பிறகுதான் வரிசை திறக்கும். "நீங்கள்தானே கடைசியாகச் சாப்பிடுகிறவர்?" என்று கேட்டேன். "அது சாப்பாடு இல்லை, சிவா, காவல்," என்றார். "அதில் பிழை ஏதும் இருந்தால் முதலில் எனக்கு வரட்டும். சாப்பாடு பிறகு, எல்லாருக்கும் கடைசியில்."

முதற்கரண்டி

சோதனை வியாழக்கிழமை, நல்ல வெயில். மீன் சூப், அதன் பிறகு ஆட்டிறைச்சியும் கோவா என்கிற முட்டைக்கோசும் சேர்த்து அவிக்கும் நோர்வே நாட்டுச் சாப்பாடு. அதே இரண்டு பரிசோதகர்கள், அதே மூலை. ரூனே கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சூப் கொதித்தது. ஒரு சின்னக் கரண்டி எடுத்தேன். மனதுக்குள், வரப்போகிற எல்லாருக்கும் காவல் என்று சொல்லிக்கொண்டு கண்ணை மூடி வாயில் வைத்தேன். உப்புக் கூடுதலாக இருந்தது. கொஞ்சம் பால் விட்டேன். புதுக் கரண்டியால் திரும்பப் பார்த்தேன். சரியாக வந்துவிட்டது.

பிறகு ஆட்டிறைச்சிப் பானையைத் திறந்தேன். நானும் உங்களைப் போலத்தான். இவ்வளவு காலமும் எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, ஆறிப்போனதை நின்றபடி தின்றவன். என் சமையலை அறுபத்து மூன்று வயதில் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சுடச்சுட வாயில் வைத்தேன். அடடா! ரூனே ஏன் என்னை இருபத்திரண்டு வருடமாக அடுப்படிக்கு விடவில்லை என்பது அந்த நிமிடம் விளங்கிவிட்டது. நிச்சயம் பொறாமைதான். இன்னொரு கரண்டி பார்த்தேன். மிளகு போதுமா என்று அடுத்தது. இறைச்சி வெந்ததா என்று ஒரு துண்டு. அடியில் இருந்ததும் அப்படித்தானா என்று இன்னொரு துண்டு. பத்துக் கரண்டி கழுவுவதற்குக் கிடந்தது. பெண் பரிசோதகர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். "சிவா, சுவை பார்த்ததற்கு முழுப் புள்ளி போட்டுவிட்டேன்," என்றார். "தயவுசெய்து இனி நிறுத்துங்கள், நாங்கள் இன்னும் சாப்பிடவில்லை."

பாஸ். ரூனே கிட்ட வந்து கை கொடுத்தான், பானையின் அடியை வழித்து ஒரு வாய் தின்றான், பிறகு இன்னொரு வாய் தின்றான். "திங்கட்கிழமை முதல் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு வா," என்றான். "மெஷினுக்கு நான் வேறு ஆள் பார்க்கிறேன்."

இப்போது நான் அடுப்படியில் நிற்கிறேன், கோப்பைகளெல்லாம் துடைத்ததுபோலத் திரும்பி வருகின்றன, ரூனே என்னைப் பாராட்டவும் தொடங்கிவிட்டான், அவன்மேல் இருபத்திரண்டு வருடமாகக் கவனமாகக் காத்துவைத்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே கஷ்டம்.